உக்காத பை

“பொலித்தீன் மண்ணுக்குள்ள உக்கவே உக்காதோ, சேர்?”

தண்ணீரூற்றுப் பொதுமண்டபத்தில் பிளாஸ்டிக் கழிவைப் பற்றிப் பேசி முடித்த இரசாயனவியல் ஆசிரியர் ஸஜாத்திடம் விமலேஸ்வரி கேட்டார். மற்றவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள்.

“உக்காது அம்மா. அது கூட்டற் பல்பகுதியம், சின்னச் சின்ன மூலக்கூறுகள் கோத்த நீளச் சங்கிலி. அந்தச் சங்கிலியைத் தண்ணியாலயும் அறுக்கேலாது, கிருமியாலயும் அறுக்கேலாது.”

“மேல நைலோன் கயிறு சுத்தியிருந்தால்?”

“நைலோன் ஒடுங்கல் வகை, அது வேற மாதிரிச் சங்கிலி. தண்ணி பட்டுப்பட்டு மெல்ல மெல்ல இத்துப்போகலாம். ஆனால் பை அப்பிடியே கிடக்கும்.”

“மூண்டு பை, ஒண்டுக்குள்ள ஒண்டு. பதினேழு வருசம்.”

மண்ணுக்காக இவ்வளவு கவலைப்படும் ஒருவரை ஸஜாத் எந்தக் கூட்டத்திலும் கண்டதில்லை.

“யோசிக்காதேங்கோ அம்மா. இடத்தைக் காட்டுங்கோ. சனிக்கிழமை சிரமதானத்தில கிண்டி எடுத்துவிடுவம்.”

“அங்க போகேலாது, சேர். என்ர வளவு முள்ளுக்கம்பி வேலிக்கு அங்கால கிடக்கு. ஆமி இன்னும் விடேல்லை.”

“அப்பிடி என்னத்தைத் தாட்டனீங்கள்?”

விமலேஸ்வரி குனிந்து செருப்பைப் போட்டுக்கொண்டார்.

“மகன்ர படங்கள். சண்டைக்குள்ள ஓடேக்க, திரும்பி வந்து எடுக்கலாம் எண்டு தாட்டனான். ஓடின வழியில அவனையும் துலைச்சிட்டன். வேற படம் ஒண்டும் என்னட்ட இல்லை.”

ஸஜாத் கையிலிருந்த தாள்களை மேசையில் வைத்தார்.

“நூறு வருசமானாலும் அழியாது எண்டு நீங்கள் மேடையில சொல்லேக்க சனமெல்லாம் பயந்தது, சேர். எனக்கு மட்டும்தான் நெஞ்சு ஆறினது.”