ஏசுதாசன் குத்திக்கொண்ட விரல்

பாக்கார் ஆராங் குடியிருப்பில் ஒரு வரிசை வீட்டின் முன்னறையில், பகல் மூன்று மணி வெயில் சன்னல் கம்பிகளைத் தரையில் கோடு போட்டு வைத்திருக்கிறது. இரண்டு நாள் காய்ச்சலில் அகத்தா சோபாவில் சுருண்டு கிடக்கிறாள். முக்காலியில் ஆறிப்போன கஞ்சி ஆடை கட்டி நிற்கிறது. எப்பவும் ஏழு, எட்டு காட்டும் ரத்தச் சர்க்கரை மெஷின் இப்போது பத்தொன்பது என்கிறது. "ஒண்ணுமே சாப்பிடலையே, எப்படி ஏறும்லா?" என்கிறார் அவள் கணவர் ஏசுதாசன். சோறு இறங்காதவளுக்கு இன்சுலின் எதுக்கு என்று முந்தாநாளே நிறுத்தச் சொன்னவர் அவர்தான். கைப்பேசியில் மகள் அலிசியா, "காய்ச்சல் வந்தா சாப்பிடாட்டியும் ஏறும்ப்பா. ஊசிய யாரு நிறுத்தச் சொன்னா? உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க," என்கிறாள். "மெஷின் பழசும்மா, கெட்டுப்போச்சு." யாருக்கோ நடப்பதைப்போல், தலைக்கு மேல் சுற்றும் காற்றாடியைப் பார்த்தபடி அகத்தா இன்னொரு விரலை நீட்டுகிறாள். குத்தியது அவளுக்குத் தெரியவில்லை. இருபது. ஏசுதாசன் புது ஊசி மாட்டித் தன் விரலில் குத்திக்கொள்கிறார். "ஆ!" "பன்னெண்டு வருசமா நான் குத்திக்கிறேன், ஒரு தடவைக்கே கத்துறீங்க," என்கிறாள் அகத்தா. குரலில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. இனிப்புநீர் நோய் இல்லாத அவர் ரத்தத்தை மெஷின் உறிஞ்சிக்கொள்கிறது. ஐந்து புள்ளி நான்கு. மெஷினில் ஒரு கோளாறும் இல்லை. "ப்பா? ப்பா?" என்று அலிசியா கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள். ஏசுதாசன் வாசலில் நிற்கும் காடியின் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, தரையில் உட்கார்ந்து, அகத்தாவின் இரண்டு காலிலும் செருப்பை மாட்டி விடுகிறார். "செருப்பு போட்டாச்சாங்க?" என்று கேட்கிறாள் அவள்.