ஐம்பத்திரண்டாவது சீட்டு

வாரம் ஒரு கொலை நாவல், வருடம் முழுக்க. பாதிப் புத்தகம் முடிந்ததும் கொலைகாரன் யாரென்று ஆளுக்கொரு சீட்டு எழுதி பிஸ்கட் டப்பாவில் போட வேண்டும். எனக்கும் என் கணவருக்கும் இதுதான் போட்டி.

முதல் மூன்று மாதமும் அவரே ஜெயித்தார்.

"கடைசிப் பக்கத்தைப் பார்த்துடுறீங்களா?"

"சத்தியமா இல்லடி. எல்லாம் மூளை!"

நம்பாமல், வாராவாரம் கடைசி அத்தியாயத்தைக் கிழித்து என் ஆபீஸ் தோழியிடம் கொடுத்து வைத்தேன். அவள் பேச்சை எடுத்தாலே இவருக்கு ஆகாது. "அந்த வாயாடியை வீட்டுப் பக்கமே கூட்டிட்டு வராதே" என்பார்.

அப்படியும் அவரே ஜெயித்தார்.

இன்று கடைசி வாரம். டப்பாவைத் திறந்து அவர் சீட்டைப் படித்தேன்.

"தோட்டக்காரன்னு எழுதியிருக்கீங்க. நிச்சயமா?"

"நூத்துக்கு நூறு! என்ன, முகம் தொங்கிப்போச்சு? தோத்துட்டியா?"

"ஆமா, தோத்துட்டேன். நீங்க புத்தகத்தைப் பிரிக்கவே இல்லையா?"

"ஏன்?"

"இந்தக் கதையில தோட்டக்காரனே கிடையாது. இந்த வாரம் கடைசி அத்தியாயம் என் பையிலதான் இருக்கு. 'படிச்சிட்டேன், தோட்டக்காரன்தான்'னு அந்த வாயாடி ஒருத்திகிட்ட மட்டும்தான் பொய் சொன்னேன்."