பேனாவைத் தொடாத பதினைந்து நிமிடம்

"கேள்வியே தப்புன்னு சொல்றா சார் அந்தப் பொண்ணு!"

மூச்சு வாங்க வந்து நின்ற வரலாற்று டீச்சரைத் தலைமை ஆசிரியர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இறுதிப் பரீட்சை, அதுவும் கணக்கு. ஹாலில் மேற்பார்வைக்கு இருக்க வேண்டியவருக்கு இங்கே என்ன வேலை என்கிற எரிச்சல் அவருக்கு.

"எந்தப் பொண்ணு?"

"மூணாவது வரிசை. போன வருஷம் கணக்குல தவறிட்டு மறுபடி எழுதறாளே, அவதான்."

"போச்சுடா! பேப்பர் கொடுத்து அஞ்சு நிமிஷம் ஆகல, அதுக்குள்ள ஆரம்பிச்சாச்சா? இதுக்குத்தான் நான் அன்னைக்கே தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன்."

அடித்துக்கொண்டது உண்மைதான். இந்த வருடம் புதிதாக ஒரு விதி வந்திருந்தது. கேள்வித்தாளைக் கொடுத்ததும் பிள்ளைகள் பதினைந்து நிமிடம் அதைப் படித்துப் பார்க்க வேண்டும். பேனாவைத் தொடக் கூடாது. இரண்டாவது மணி அடித்த பிறகுதான் எழுதலாம். 'சும்மா உட்கார வைத்தால் இல்லாத பயமெல்லாம் வரும்' என்று தேர்வு வாரியத்துக்குப் பக்கம் பக்கமாக எழுதிப் போட்டார் இவர். வாரியம் கேட்டால்தானே!

"கடைசிக் கேள்வி சார். எல்லாரும் கட்டாயம் எழுத வேண்டியது. முக்கோணம் வரையச் சொல்லியிருக்கு. பக்கங்கள் அஞ்சு, ஏழு, பதிமூணு. அப்படி ஒரு முக்கோணமே கிடையாதாம்."

"பதிமூணா?" தலைமை ஆசிரியர் இப்போது நிமிர்ந்தார். "உங்களுக்குக் கணக்கு தெரியுமாம்மா?"

"எனக்கு ராஜாக்கள் போட்ட சண்டைதான் தெரியும். ஆனா அவ காட்டினது புரிஞ்சுது."

டீச்சர் மேசையிலிருந்த அடிக்கோலைப் படுக்க வைத்தார். இரண்டு துண்டுப் பென்சில்களை எடுத்து, முனைக்கு ஒன்றாக வைத்து, உள்பக்கமாகச் சாய்த்தார். இரண்டும் ஒன்றையொன்று தொடாமலேயே அடிக்கோல்மேல் படுத்துவிட்டன.

"பாருங்க, எட்டவே இல்ல. அஞ்சும் ஏழும் சேர்ந்தா பன்னெண்டுதானே சார்? பதிமூணுக்கு எங்கே போறது?"

தலைமை ஆசிரியர் கேள்வித்தாளை இழுத்துக் கடைசிப் பக்கத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பரீட்சை முடியட்டும்," என்றார். குரல் இறங்கியிருந்தது. "இப்படி ஏதாவது ஆனா எல்லாருக்கும் முழு மார்க் போட்டுடுவாங்க. வழக்கம்தான்."

"மார்க் போடுவாங்க சார். நேரத்தை யார் கொடுப்பா? போன வருஷம் இவ ஒரே கணக்கை அழிச்சு அழிச்சுப் போட்டு, மத்ததுக்கு நேரமில்லாம அழுதுக்கிட்டே எழுந்து போனா. இந்தத் தடவையும் தவறினா படிப்பை நிறுத்திடுவேன்னு அவங்கப்பா சொல்லிட்டாராம்."

"அதான் தப்புன்னு கண்டுபிடிச்சுட்டாளே?"

"கண்டுபிடிச்சுட்டு, 'ஒருவேளை எனக்குத்தான் வரலையோ மிஸ்'னு கேக்கறா சார். கை நடுங்குது. மணி அடிச்சதும் முதல்ல அதோடதான் மல்லுக்கட்டப் போறா. எந்த மகராசன் போட்ட கேள்வியோ! அந்தாளைக் கொண்டுவந்து இவ முன்னாடி நிறுத்தணும். யார் போட்டதுன்னு வெளியே தெரியாதில்ல, அந்தத் தைரியம்."

"தெரிஞ்சா அவர் வேலையே போயிடும்மா. அப்படி ஒரு விதி." தலைமை ஆசிரியர் சுள்ளென்று விழுந்தார். "அவரும் குடும்பம் குட்டின்னு இருக்கறவர்தானே? மனுஷன்னா கை தவறாதா?"

"தவறட்டும் சார். தவறினவர் எங்கேயோ நிம்மதியா உட்கார்ந்திருப்பார். நடுங்கறது இவ கை."

டீச்சர் சற்றுத் தணிந்தார்.

"அடுத்த மாசம் ரிட்டயர் ஆகப் போறீங்க. இந்த நேரத்துல வாரியத்தோட எதுக்கு வம்புன்னு பார்க்கறீங்க. புரியுது சார். போனை இப்படிக் கொடுங்க, நான் பேசறேன்."

ஜன்னல் வழியே ஹால் தெரிந்தது. எல்லாத் தலைகளும் குனிந்திருந்தன. ஒரு பேனாகூட அசையவில்லை. பிள்ளைகள் நிஜமாகவே படித்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை வருட வேலையில் ஒரு பரீட்சை ஹாலை இப்படி அவர் பார்த்ததே இல்லை. மூன்றாவது வரிசையில் ஒருத்தி மட்டும் இரண்டு பென்சில்களைச் சேர்ப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

"நீங்க பேசினா எடுபடாதும்மா," என்று போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

வாரிய அதிகாரி எடுத்த எடுப்பிலேயே எகிறினார். அவர் குரல் டீச்சர் வரைக்கும் கேட்டது.

"பரீட்சை நடக்கற நேரத்துல என்ன சார் இது?"

"கடைசிக் கேள்வியில பதிமூணு தப்பு. பதினொண்ணுன்னு இருக்கணும். ரெண்டாவது மணி அடிக்கறதுக்குள்ள எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் சொல்லிடுங்க."

"தப்புன்னே வெச்சுக்குவோம். பதினொண்ணுதான்னு நீங்க எப்படிச் சொல்றீங்க? பத்தா இருக்கலாம், எட்டா இருக்கலாம். ஆளாளுக்கு ஒண்ணு சொன்னா நான் மாத்திட முடியுமா? கேள்வித்தாள் போட்டவர் தன் வாயால சொல்லணும். அந்த மனுஷனை இப்போ நான் எங்கே போய்த் தேடறது?"

தலைமை ஆசிரியருக்கு டீச்சரின் முகத்தைப் பார்க்கத் துணிவு வரவில்லை.

"தேட வேண்டாம் சார்," என்றார். "போட்டவன்தான் பேசறேன்."