உதட்டைக் குவித்த கிழவர்

"யோவ், எங்கம்மாவைப் பாத்து தினமும் உதட்டைக் குவிக்கிறியாமே? தெருவே சிரிக்குது!"

குன்றேறும் படிக்கட்டுத் தெருவின் எண்பதாவது படியில் வைத்துக் கிழவர் எவாரிஸ்தோவின் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டான் உலிசெஸ். மேலே பச்சை ஜன்னல். அதுவரை அங்கே நின்றிருந்த அவன் அம்மா எர்மினியா, விதவை, மகன் தலை தெரிந்ததும் படக்கென்று திரையை இழுத்துவிட்டாள்.

எவாரிஸ்தோவுக்குப் பதில் சொல்ல ஆசைதான். மூச்சு வர வேண்டுமே! இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றிக் குனிந்து, உதட்டைக் குவித்து, உலிசெஸின் முகத்துக்கு நேராக ஊதினார்.

"அடப்பாவி! எனக்குமா?" துள்ளிப் பின்வாங்கினான் அவன்.

சற்றுப் பொறுத்துத்தான் கிழவருக்குக் குரல் வந்தது. "கழுதை... முத்தமில்லடா... வைத்தியம்! மூக்கால இழுத்து, மெழுகுவத்தி அணைக்கிற மாதிரி வாயால மெதுவா ஊதணும். கிளினிக்குல சொல்லிக் குடுத்தது."

வால்பரைசோ துறைமுகத்தில் மற்றவர்கள் ஒரு மூட்டை தூக்கினால் இரண்டு தூக்கியவர் அவர். இப்போது கையில் ஒரு ரொட்டியோடு வீடு போய்ச் சேர மூன்று இடத்தில் நிற்கிறார். படியேற முடியாமல் போனால், கீழே மகள் வீட்டில் மருமகன் முகத்தில் தினமும் விழிக்க வேண்டும்.

"நுரையீரல் பலூன் மாதிரி உப்பிக் கெடக்குதாம். அடியில மூச்சு இழுக்குற தசை தட்டையாப் போச்சாம். மூச்சு வாங்குதேன்னு உக்காந்தே கெடந்ததுல தொடையும் சூம்பிப்போச்சு. அதான் விடாம ஏறுறேன். நான் நிக்கிற எடத்துல உங்க ஜன்னல் இருந்தா நான் என்னடா பண்றது?"

உலிசெஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கசங்கிய காலரை அவனே நீவிவிட்டான். "மன்னிச்சிடுங்க, எவாரிஸ்தோ ஐயா! நான் வேற என்னமோன்னு..."

"என்னை விடு, உங்கம்மாவைக் கவனி. பாவம், அவங்களுக்கு என்னைவிட முத்திப்போச்சு. நான் ஒரு தடவை ஊதினா அவங்க மூணு தடவை ஊதுறாங்க."

சிரிப்பு நின்றது. உலிசெஸ் ஜன்னலை நிமிர்ந்து பார்த்தான்.

"எங்கம்மாவுக்கு ஒரு வியாதியும் இல்லையே!"