வந்தாள், சொன்னாள்

மக்கள் பேசுகிறபடியே செய்தி வாசிக்கும் இயந்திரம் வந்தபின், ஆண் அமைச்சர்கள் எல்லாம் ‘வந்தார்’, ‘சொன்னார்’ என்றே இருந்தார்கள். மீன்வளத்துறை அமைச்சர் ஜெசிந்தா மட்டும் ‘வந்தாள்’, ‘சொன்னாள்’ ஆகிவிட்டார். கேட்கும்போதெல்லாம் கணவர் தேவசகாயம் கொதிப்பார்.

“விடுங்க, ஊரு பேசுறதத்தானே அது பேசுது” என்று ஜெசிந்தா சிரித்துவிடுவார்.

புயலில் சிக்கிய மீனவர்களைத் தேடிப் போன படகு கவிழ்ந்தது. அதில் ஜெசிந்தாவும் இருந்தார்.

துக்கத்துக்கு வந்தவர்கள் கூடத்தில் நிறைந்திருக்க, இயந்திரம் வாசித்தது: “அமைச்சர் ஜெசிந்தா காலமானார்.”

மகன் அதை நிறுத்தப் போனான்.

“இருடா” என்றார் தேவசகாயம். “இப்பத்தான் உங்கம்மாவ மரியாதையாச் சொல்லுது. இன்னொரு தடவ சொல்லச் சொல்லு.”