வெள்வேலங்காட்டுப் பட்டி

மரம் விழுந்த சத்தம் கேட்டபோது அவள் ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள்.

ஆடுகள் தலையைத் தூக்கின. மறுபடியும் குடித்தன.

அவளுக்குத்தான் கை நின்றுபோனது.

இன்னொரு மரம்.

கிளுவை வேலியைத் தாண்டி உள்ளே ஓடினாள். வாசல் கடவுக்குப் பக்கத்தில் நின்ற வெள்வேலம் கீழே கிடந்தது. வெளுத்த பட்டை. சோடி சோடியாக வெள்ளை முள். கொப்பு நிறைய நெத்து, விதை முற்றிக் காய்ந்த காய்கள். அதற்கும் அப்பால் இன்னும் சில. ரம்பக்காரர்கள் அடுத்ததற்கு நகர்ந்திருந்தார்கள்.

சித்திரை மாதம். காங்கயம் பக்கத்துக் கொரங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் புல் காய்ந்து தரையோடு ஒட்டிக் கிடக்கும். வாயில் வைக்க வேறெதுவும் இல்லாத அந்த நேரத்தில்தான் வெள்வேலம் நெத்து உதிர்க்கும். ஆடு அதைத் தின்றே கோடையைத் தாண்டிவிடும். நிழலும் அளவாகத்தான் விழும். அடியில் கொழுக்கட்டைப் புல்லை வளர விடும். முள் குத்தினால் அதே மரத்து முள்ளை ஒடித்துத்தான் எடுப்பார்கள். பட்டையைச் சாராயம் காய்ச்சுகிறவன் கொண்டுபோவான், தோல் பதனிடுகிறவனும் கொண்டுபோவான். ஒரு மரம் இவ்வளவு செய்கிறது. செய்து என்ன பிரயோசனம், காடு அண்ணன் பேரில் இருக்கிறது.

மேய்ச்சல் அவளுக்கு என்று அப்பா சொன்னார். வாயால் சொன்னார். அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அண்ணன் நாச்சிமுத்து வேட்டியை முள்ளில் படாமல் தூக்கிப் பிடித்தபடி வந்தான்.

"தென்னை வெக்கலாம்னு இருக்கறன் அம்மிணி. சொட்டுநீர் போட்டு."

முன்னால் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளுடைய ஆடுகள் இனி எங்கே போய் மேயும் என்று கேட்கவில்லை. புருஷன் போன பிறகு அவளுக்குச் சோறு, துணி, மானம் எல்லாம் அந்த ஆடுகள்தான். அது அவனுக்குத் தெரியும். தெரிந்துதான் செய்கிறான்.

அழுகை வரவில்லை. வந்திருந்தாலும் அவன் முன்னால் விட்டிருக்க மாட்டாள்.

அவனுக்கும் கொஞ்சம் உறுத்தியிருக்க வேண்டும். பெரிய மனசாக ஒன்று சொன்னான்.

"கொப்பெல்லாம் அப்படியே கெடக்கட்டும். ஆட்டை உட்டு நெத்தை மேச்சுக்க. ராத்திரிக்கு இங்கயே பட்டியும் போட்டுரு. தென்னைக்கு எருவாச்சு."

பட்டி போடுவது ஒன்றும் புதிதில்லை. ஆடுகளை மூங்கில் படலுக்குள் அடைத்தால் விடிகிறபோது நிலத்தில் எரு. மறுநாள் படலை நகர்த்தி அடுத்த இடம். இதற்கு ஆட்டுக்காரர்களைக் கெஞ்சிக் கூப்பிடுவார்கள். இவன் உத்தரவு போடுகிறான்.

அவள் அவனையே பார்த்தாள்.

ஆட்டோடு பிறந்து வளர்ந்தவன். தென்னை கண்ணை மறைத்துவிட்டது.

"சரிங்கண்ணா."

வெள்வேல விதையைச் சும்மா போட்டால் லேசில் முளைக்காது. தோல் அவ்வளவு கெட்டி. ஆட்டு வயிற்றுக்குள் போய், சூட்டில் இளகி, புழுக்கையோடு விழ வேண்டும். அப்புறம் ஒரு மழை போதும். அந்தக் காட்டில் எவனும் வெள்வேலம் நட்டதில்லை. எல்லாம் ஆடு போட்டதுதான்.

அன்றைக்கே ஆரம்பித்தாள்.

கொப்புக் கொப்பாக உலுக்கினாள். முள் கிழித்த கையோடு உலுக்கினாள். எட்டாததைத் தொரட்டியால் இழுத்துப் போட்டாள். தின்னுங்க சாமி, நல்லாத் தின்னுங்க என்று ஆடுகளிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

இடைஞ்சலாக இருக்கிறது, கொப்பையெல்லாம் குவித்துக் கொளுத்திவிடலாம் என்றான் ரம்பக்காரன் ஒருவன். தீப்பெட்டியைக்கூட எடுத்துவிட்டான்.

அவள் குவியலுக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். அண்ணன் ஆட்டுக்கென்று சொல்லிவிட்டார், வேண்டுமானால் போய்க் கேட்டுக்கொள் என்றாள். கேட்கப் போகிற தைரியம் அவனுக்கு இல்லை.

சாயந்திரம் படலைச் சுற்றிக் கட்டி அடைத்தாள். மறுநாள் நகர்த்தினாள். அதற்கு மறுநாளும். இடைவெளி விடாமல், போன பட்டியை ஒட்டியே அடுத்ததைப் போட்டாள்.

ரம்பக்காரர்கள் மரத்தை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அவள் போகவில்லை.

வைகாசியில், மேற்கே மேகம் கட்டத் தொடங்கியபோது, எரு எப்படி விழுந்திருக்கிறது என்று பார்க்க நாச்சிமுத்து வந்தான். குனிந்து ஒரு புழுக்கையை எடுத்து விரலில் நசுக்கினான்.

விரலில் விதை ஒட்டியிருந்தது.

இன்னொன்றை எடுத்தான். அதிலும்.

மெதுவாக நிமிர்ந்தான். பாதிக் காடு எருவால் கறுத்துக் கிடந்தது. இப்போது அவனுக்கு எல்லாம் ஞாபகம் வந்தது.

"ட்ராக்டர உட்டு ஓட்டிப்போடுவன் அம்மிணி."

"ஓட்டுங்கண்ணா. மண்ணு மூடுனா இன்னும் நல்லா மொளைக்கும்."

அவன் முகம் போன போக்கைப் பார்க்க அவளுக்குத் திருப்தியாக இருந்தது. அதை மறைக்கவும் இல்லை.

"பட்டிய இன்னைக்கே எடுத்துரு."

"எடுத்தர்றனுங்கண்ணா."

எடுத்தாள். ஒரு பக்கம் பிடிக்க அவனைக் கூப்பிடவில்லை. இரண்டு பேர் தூக்குகிற படலைத் தனியாக, மண்ணில் கோடு விழ, இழுத்துக்கொண்டு போனாள். ஆடுகள் பின்னாலேயே போயின.

காட்டை விட்டு வெளியேறும் கடவுப் பக்கம் போகவில்லை.

மீதிப் பாதிக் காட்டில், இன்னும் ஓர் ஆடும் படுக்காத இடத்தில் படலை நிறுத்தி, முளைக்குச்சியை ஓங்கி அடித்தாள்.