பெரிய பாயின் கட்டைவிரல்

வாணியம்பாடி தோல் மண்டி வாசலில் பெரிய பாயின் சிவப்பு அமெரிக்கக் கார் வெயிலில் நிற்கிறது. அந்தச் சிவப்பைப் பார்த்தால் பெங்களூர் லாரிகளே சிக்னல் என்று பிரேக் போடும். அண்ணன் ஊரில் இல்லாதபோது காரை எடுத்துக் கேட்டில் உரசிய கதவை, தோலுக்கு ஸ்ப்ரே அடிக்கும் கன்னியப்பனைக் கொண்டு பூசி மறைத்திருக்கிறார் தம்பி முனீர். நிறம் அச்சு அசல். காரைச் செய்தவனே வந்தாலும் குழம்பிப்போவான். பெரிய பாயோ, தோல் வாங்கிய பழக்கத்தில், கண்ணை மூடிக் கட்டைவிரலால் காரைத் தடவிக்கொண்டே வருகிறார். அந்தக் கதவில் விரல் நிற்கிறது. “இன்னாடா முனீரு, கம்பெனி பெயிண்ட்டு ஆரஞ்சுப்பழத் தோலாட்டம் லேசா சொரசொரன்னு இருக்குமே. இது மட்டும் இவ்ளோ வழவழன்னு இருக்கு?” முனீரின் முகம் காரைவிடச் சிவக்கிறது. “கேட்ல பட்டுடுச்சு, பாய்ஜான். கன்னியப்பன்தான் பூசினான்.” பெரிய பாய் இன்னொரு முறை ஆசையாகத் தடவி, மண்டிக்குள் பார்த்துக் கூவுகிறார். “கம்பெனிக்காரன் தோத்தான், கன்னியப்பா! முனீரு, போய் அந்தப் பக்கக் கதவையும் உரசிட்டு வா.”